இமை தொங்கும் நோய்க்கு ஆயுர்வேதம் துணைக்கு வரட்டும், மாத்திரையை நிறுத்தச் சொல்லாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கண் இமை தொங்கிப்போவதற்கும் இரட்டைப் பார்வைக்கும் ஆயுர்வேதத்தில் என்ன சிகிச்சை இருக்கிறது என்று உங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் வந்த கட்டுரையை எங்கள் வீட்டில் எல்லோரும் படித்தோம். கண்ணில் மருந்து நெய் ஊற்றி நிறுத்தும் தர்ப்பணம், மூக்கில் எண்ணெய் விடும் நசியம், நெற்றியில் எண்ணெய் ஊற்றும் சிரோதாரை என்று ஒவ்வொன்றையும் நன்றாகவே விளக்கியிருந்தார்கள். ஆனால் கடைசிப் பத்தியில், ஆங்கில மருந்துகளைப் படிப்படியாகக் கைவிட்டு நிரந்தரமாகக் குணமடையலாம் என்று ஒரு வரி இருந்தது. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். வெட்ட வேண்டியிருந்தால் என் சொந்தக் கதையை வெட்டுங்கள், மருந்துப் பெயர்கள் வரும் பகுதியில் மட்டும் கை வைக்காதீர்கள்.

நான் நீலகிரி மாவட்டம் கூடலூரில் தையல் கடை வைத்திருக்கிறேன். எனக்கு இருப்பது மயஸ்தீனியா கிராவிஸ் என்ற நோய், அதில் கண்ணை மட்டும் பிடிக்கும் வகை. காலையில் எழுந்தால் ஒன்றுமே தெரியாது, இரண்டு கண்ணும் ஒரே அளவில் திறந்திருக்கும். கடை திறந்து, துணி வெட்டி, தைக்க உட்கார்ந்து, மதியச் சாப்பாடு முடிந்த பிறகு இடது இமை மெல்லக் கீழே வர ஆரம்பிக்கும், நாலு மணிக்கு மேல் கருவிழியில் பாதியை மூடிவிடும், அப்புறம் ஊசி இரண்டாகத் தெரியும். ஒன்றுக்கு மேல் ஒன்றாக, கொஞ்சம் சாய்ந்து. எந்த ஊசியின் காதில் நூலை விடுவது என்று தெரியாமல் ஒரு கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொள்வேன், பொத்தினால் ஊசி ஒன்றாகிவிடும், ஆனால் நூல் கோர்க்க இரண்டு கையும் வேண்டுமே! அதனால் கண்ணாடியின் ஒரு பக்கத்தில் காகிதம் ஒட்டி வைத்துக்கொண்டேன். ஹூக் வைப்பது, காஜா எடுப்பது எல்லாம் இப்போது காலை வேலை, சாயங்காலம் நேர்த்தையல் மட்டும்தான். கடைக்கு வருகிறவர்கள், "என்னக்கா, ராத்திரி தூங்கலையா?" என்று கேட்பார்கள். பார்க்க அப்படித்தான் இருக்கும்.

இதற்குப் பெயர் தெரிவதற்குள் கண்ணாடி பவர் மாற்றினார்கள், நரம்புத் தளர்ச்சி என்று சத்து ஊசி போட்டார்கள், கண் திருஷ்டி என்று சுற்றிப் போட்டதும் உண்டு. கடைசியில் கோயம்புத்தூரில் ஒரு நரம்பியல் டாக்டர்தான் கண்டுபிடித்தார். "மேலே விட்டத்தையே பாருங்கம்மா, நான் சொல்ற வரைக்கும் கண்ணை இறக்காதீங்க" என்றார். கொஞ்ச நேரத்திலேயே இமை தானாக இறங்கிவிட்டது. அப்புறம் ரப்பர் கையுறைக்குள் ஐஸ் கட்டிகளைப் போட்டு முடிச்சுப் போட்டு, மூடிய இமைமேல் இரண்டு நிமிஷம் வைத்தார். எடுத்ததும் என் நாத்தனார், "அண்ணி, கண்ணு திறந்திருச்சு" என்றாள். குளிர்ச்சி பட்டால் இந்த நோயின் களைப்பு கொஞ்ச நேரம் விலகும், அதை வைத்துத்தான் அந்தச் சோதனை. பிறகு ரத்தத்தில் எதிர்ப்பணுப் பரிசோதனையும் நெஞ்சுக்கு சி.டி. ஸ்கேனும் எடுத்து உறுதி செய்தார்கள்.

நரம்புத் தளர்ச்சி என்ற பெயரில் நம் ஊரில் எதை எதையோ விற்கிறார்கள், அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. இந்த நோயில் நரம்பும் நன்றாகத்தான் இருக்கிறது, தசையும் நன்றாகத்தான் இருக்கிறது, இரண்டும் சந்திக்கிற இடத்தில்தான் கோளாறு. நரம்பு முனையிலிருந்து அசிட்டைல்கோலின் என்ற பொருள் வெளியே வரும், அதை வாங்கிக்கொள்வதற்குத் தசையில் ஏற்பிகள் உண்டு, உடம்பின் எதிர்ப்புச் சக்தியே ஆள் தெரியாமல் அந்த ஏற்பிகளை அடைத்தும் அழித்தும் விடுகிறது. எங்கள் பக்கத்து ஆட்களுக்கு நான் இப்படித்தான் சொல்வேன்: பறித்த பச்சைத் தேயிலை மூட்டையோடு எல்லோரும் வந்து வரிசையில் நிற்கிறார்கள், எடை போடுகிற இடத்தில் பாதித் தராசு உடைந்து கிடக்கிறது, முதலில் வந்த மூட்டை ஏறிவிடும், நேரம் ஆக ஆக இலை வாடிப்போகும். நான் போடுகிற பைரிடோஸ்டிக்மின் மாத்திரை உடைந்த தராசைச் சரிசெய்யாது, இலையை வாடாமல் இன்னும் கொஞ்ச நேரம் வைத்திருக்கும், அவ்வளவுதான். அதனால்தான் போட்ட அரை மணி, முக்கால் மணியில் இமை தூக்கும், மூன்று நாலு மணி நேரத்தில் மறுபடி இறங்கும். தராசை உடைக்கிற கையைப் பிடித்து வைப்பது ஸ்டீராய்டும் அசாதயோபிரினும். அந்த வேலைக்கு வாரக்கணக்கில், மாதக்கணக்கில் நேரம் பிடிக்கும்.

இதைக் கண் சம்பந்தப்பட்ட சின்ன விஷயம் என்று கட்டுரை எழுதியவர் நினைத்திருக்கலாம். கண்ணில் தொடங்குகிறவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு, பெரும்பாலும் முதல் இரண்டு வருஷத்துக்குள், நோய் உடம்பின் மற்ற இடங்களுக்கும் பரவுகிறது. மெல்லுவது, விழுங்குவது, பேசுவது, கையைத் தலைக்கு மேல் தூக்கித் தலை வாருவது எல்லாம் சிரமமாகும், முற்றிப்போனால் மூச்சு விடுகிற தசையே களைத்துவிடும். இந்த நோய் உள்ளவர்களில் நூற்றுக்குப் பத்துப் பதினைந்து பேருக்கு நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பியில் கட்டி இருக்கும். எண்ணெயும் நெய்யும் மட்டும் போட்டுக்கொண்டிருந்தால் அந்தக் கட்டியை யார் பார்ப்பது? அதோடு, இமை தொங்குவதெல்லாம் இந்த நோய்தான் என்றும் இல்லை. திடீரென்று ஒரு இமை விழுந்து, தலைவலியும் சேர்ந்து, அந்தக் கண்ணின் பாப்பா பெரிதாக விரிந்திருந்தால் அது மூளை ரத்தக்குழாயில் வீக்கமாக இருக்கலாம், அன்றைக்கே பெரிய மருத்துவமனைக்கு ஓட வேண்டும். கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

ஆங்கில மருந்து ரசாயனம், நம்முடையது மூலிகை என்று கட்டுரை பிரித்துக் காட்டியதும் சரியில்லை. இந்த நோய்க்கு நல்ல பலன் தந்த முக்கியமான மருந்து ஒன்று ஒரு கொட்டையிலிருந்து வந்ததுதான். 1934இல் லண்டன் கிரீன்விச்சில் புனித ஆல்ஃபேஜ் மருத்துவமனையில் வேலை பார்த்த மேரி வாக்கர் என்ற பெண் டாக்டர், இந்த நோயாளிக்கு இருக்கும் தளர்ச்சி, தசையை முடக்கும் குராரே என்ற விஷம் ஏறியவரின் தளர்ச்சி மாதிரியே இருக்கிறது, குராரேவுக்கு முறிவு மருந்தான ஃபைசோஸ்டிக்மினை இதற்கும் கொடுத்துப் பார்த்தால் என்ன என்று யோசித்து ஊசி போட்டார், தொங்கிய இமை எழுந்தது. அந்த ஃபைசோஸ்டிக்மின் மேற்கு ஆப்பிரிக்காவில் விளையும் கலபார் அவரையின் விதையில் இருப்பது. அங்கே குற்றவாளியைக் கண்டுபிடிக்க அந்த விதையைத் தின்னக் கொடுப்பார்களாம், அவ்வளவு விஷம். இன்றைக்கு நான் போடுகிற மாத்திரை அதே வழியில் வந்த மருந்துதான். செடியிலிருந்து வந்ததா, தொழிற்சாலையிலிருந்து வந்ததா என்பது எனக்கு முக்கியமில்லை. எது எவ்வளவு போனால் என்ன செய்யும் என்று தெரிந்தவர் கையால் வாங்க வேண்டும்.

இதைப் படித்துவிட்டு என்னை ஆயுர்வேதத்துக்கு எதிரி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். கூடலூர், பந்தலூர்க்காரர்களுக்கு வைத்தியம் என்றாலே பாதி கேரளாதான். நாடுகாணி இறங்கினால் நிலம்பூர், இந்தப் பக்கம் போனால் சுல்தான் பத்தேரி, முட்டு வலிக்கும் முதுகு வலிக்கும் பிரசவ எண்ணெய்க்கும் பாட்டி காலத்திலிருந்து அங்கேதான் போகிறோம். நானும் போனேன். ஸ்டீராய்டு ஆரம்பித்த பிறகு முகம் ஊதி, தூக்கம் கெட்டு, கண் இரண்டும் மணல் விழுந்தது போல எரிந்துகொண்டிருந்தது. இமை தூக்குகிற தசை மட்டுமல்ல, கண்ணை இறுக்கி மூடுகிற தசையும் இந்த நோயில் தளர்ந்துபோகும், ராத்திரி கண் சரியாக மூடாமல் தூங்கினால் காலையில் வறண்டு எரியும். அந்த எரிச்சலுக்கு ஒரு வழி கிடைக்குமா என்றுதான் போனேன்.

நல்ல வேளையாக எனக்கு வாய்த்த வைத்தியர் ஒரு வயதான அம்மா. உட்கார்ந்ததும் நாடி பார்க்கவில்லை, "எல்லா மருந்துச் சீட்டும் எடு மோளே" என்றார். மாத்திரை அட்டைகளை ஒவ்வொன்றாகத் திருப்பி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, பின்பக்கத்துச் சின்ன எழுத்தைப் படித்து ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார். கடைசி ரத்தப் பரிசோதனையில் ஈரல் அளவு என்ன, சர்க்கரை என்ன, பொட்டாசியம் என்ன என்று கேட்டார். "விழுங்கறப்போ தண்ணி மூக்குல ஏறுதா? பேசப் பேசக் குரல் மாறுதா?" என்று கேட்டார். அதற்கு அப்புறம்தான் கையைப் பிடித்தார். அவர் சொன்னதை இங்கே எழுதியே ஆக வேண்டும். அசையாமல் போகும் இமையைப் பழைய ஆயுர்வேத ஆசிரியர் சுஸ்ருதர் வாதஹத வர்த்மம் என்கிறார், தன் நூலின் உத்தர தந்திரம் என்ற பகுதியில் 76 கண் நோய்களைச் சொல்லும்போது வாதத்தால் வரும் நோய்களில் தீராத நாலில் ஒன்றாக இதை வைத்திருக்கிறார், உன் நோய் அதற்குப் பக்கத்தில் வருவது, சுஸ்ருதரே தீராது என்றதை நான் எப்படித் தீர்க்கிறேன் என்று சொல்வேன் என்றார். "தீர்க்கறதுக்கு நான் இல்ல மோளே, கூட இருக்கறதுக்கு இருக்கேன். மாத்திரையை மட்டும் நிறுத்தாதே. குறைக்கிறதா இருந்தா அந்த டாக்டர் குறைக்கட்டும்."

அவர் செய்தது அதிகம் ஒன்றுமில்லை. உளுந்து மாவைப் பிசைந்து கண்ணைச் சுற்றி வரம்பு கட்டி, உடம்புச் சூட்டுக்கு ஆறின மருந்து நெய்யை ஊற்றி, அதற்குள் கண்ணைத் திறந்து திறந்து மூடச் சொன்னார். அதுதான் தர்ப்பணம். முதலில் எல்லாம் மஞ்சள் மூட்டமாகத் தெரியும், முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் பார்வை மங்கலாகத்தான் இருக்கும், வெயிலைப் பார்க்கக் கூடாது, அன்று தையல் கிடையாது. ஒருவருக்கு ஊற்றிய நெய்யை இன்னொருவருக்கு ஊற்ற மாட்டார், மாவையும் அப்படியே எறிந்துவிடுவார். ஸ்டீராய்டு போடுகிற உடம்பில் கிருமி சீக்கிரம் தொற்றும் என்று அவரே சொன்னார். ராத்திரி பாதத்துக்கு எண்ணெய், நேரத்துக்குத் தூக்கம், தையலுக்கு நடுநடுவே கண் மூடி ஓய்வு. பலன் இருந்தது. எரிச்சல் குறைந்தது, தூக்கம் வந்தது, காலையில் கண்ணைத் திறக்கும்போது இருந்த உறுத்தல் போய்விட்டது. ஆனால் இமையைத் தூக்கியது நெய் இல்லை, மாத்திரைதான். இதை அந்த அம்மாவே என்னை விட உறுதியாகச் சொல்வார்.

அவர் எதையெல்லாம் கொடுக்க மறுத்தார் என்பதுதான் உங்கள் கட்டுரையில் இருந்திருக்க வேண்டும். கண் என்றாலே எல்லோரும் சொல்வது திரிபலா சூரணம். கடுக்காய், தான்றிக்காய், நெல்லிக்காய், நல்லதுதான், ஆனால் பைரிடோஸ்டிக்மினே வயிற்றைக் கலக்கும், பல பேருக்கு வயிற்றுப்போக்கு ஆகும், அதோடு ராத்திரி திரிபலாவும் சேர்ந்தால் மறுநாள் எழுந்து நிற்கவே முடியாது, அப்புறம் நோய் முற்றிவிட்டது என்று பயந்துகொண்டிருப்போம். பலத்துக்கு என்று லேகியம் கேட்டேன், கூடாது என்றார், ஸ்டீராய்டு ஏற்கெனவே சர்க்கரையை ஏற்றும், லேகியத்தில் பாதி வெல்லம். அதிமதுரம் பல கண் மருந்துகளில் சேரும், சப்தாமிருத லோகம் என்ற இரும்பு சேர்ந்த மருந்திலும் உண்டு. அதை அதிகமாக, நாள்பட எடுத்தால் உடம்பில் பொட்டாசியம் இறங்கும், ஸ்டீராய்டும் அதையேதான் செய்யும், பொட்டாசியம் இறங்கினால் நல்ல தசையே தளரும், எங்களைப் போன்றவர்கள் என்ன ஆவோம்? அமுக்கராவும் சீந்திலும் எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் என்று சொல்லித்தான் விற்கிறார்கள். எங்கள் நோயோ எதிர்ப்புச் சக்தி தன் உடம்பையே அடிப்பதால் வருவது, அதை அடக்கத்தான் இத்தனை மாத்திரை, அதைத் தூண்டுவதாகச் சொல்லும் மருந்தை அதன் மேலேயே ஊற்றுவதா? அமுக்கரா தைராய்டு அளவையும் மாற்றக்கூடியது, இந்த நோய் உள்ளவர்களுக்குத் தைராய்டுக் கோளாறு மற்றவர்களை விட அதிகம். சீந்தில் சாப்பிட்ட சிலருக்குக் கல்லீரல் கெட்டதாக 2021இல் மும்பை மருத்துவர்கள் எழுதினார்கள், ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்தது. அந்தச் சண்டை எப்படி முடிந்தாலும், அசாதயோபிரின் போட்டுக்கொண்டு குறிப்பிட்ட இடைவெளியில் ஈரலுக்கு ரத்தம் கொடுத்துப் பார்க்கிற ஒருவர் இதில் விளையாட வேண்டியதில்லை. கொரோனா காலத்தில் நாம் எல்லோரும் குடித்த கபசுரக் குடிநீரிலும் சீந்தில் உண்டு. பாதரசம் சேர்ந்த பற்பம், செந்தூரம் எல்லாவற்றையும் அந்த அம்மா ஒரே வார்த்தையில் வேண்டாம் என்றுவிட்டார்.

நசியத்துக்கு முன்னால் முகத்துக்கு ஆவி பிடிப்பது வழக்கம். ஐஸ் வைத்தால் எழும்புகிற இமை ஆவி பட்டால் இன்னும் விழும், சூடு இந்த நோய்க்கு ஆகாது. சித்திரை மாதத்தில் மேட்டுப்பாளையம் இறங்கும்போதே எனக்கு அது தெரியும், குன்னூரில் ஒழுங்காக இருந்த கண் பர்லியாறு தாண்டியதும் பூத்துவிடும். விழுங்குவதில் சிரமம் வந்துவிட்டவருக்கு மூக்கில் எண்ணெய் விடுவதே ஆபத்து, தொண்டைக்கு இறங்கி மூச்சுக்குழாயில் போய்விடும். கண் பயிற்சி என்று விழியை மேலும் கீழும் உருட்டச் சொல்வதும் அப்படித்தான், வேலை செய்யச் செய்யக் களைக்கிற தசைக்குப் பயிற்சி கொடுத்து என்ன ஆகும்? உங்கள் கட்டுரையில் அந்தப் பயிற்சியைப் படம் போட்டே காட்டியிருந்தீர்கள். தாய்ப்பால், தேன், நந்தியாவட்டைச் சாறு என்று வீட்டில் பிழிந்து கண்ணில் விடுவதை இனி யாரும் எழுதாமல் இருந்தால் பெரிய புண்ணியம்.

ஆங்கில மருந்திலும் எங்களுக்கு ஆகாதவை நிறைய உண்டு. ஆடி மழையில் தேவாலா, பந்தலூர்ப் பக்கம் இருமல் காய்ச்சல் இல்லாத வீடு கிடையாது, மெடிக்கலில் போய்ச் சொன்னால் சீட்டு இல்லாமலே அசித்ரோமைசினோ சிப்ரோஃப்ளாக்சசினோ கொடுத்துவிடுவார்கள். இரண்டுமே இந்த நோயைத் திடீரென்று முற்ற வைக்கக்கூடியவை. ஜென்டாமைசின், அமிக்காசின் ஊசிகள், பிரஷருக்கும் படபடப்புக்கும் கொடுக்கிற ப்ராப்ரனலால், கண் அழுத்தத்துக்கு விடுகிற டிமோலால் சொட்டு மருந்து, நரம்பு வழியாக ஏற்றுகிற மெக்னீசியம், சுருக்கம் போக முகத்தில் போடுகிற போடாக்ஸ், இவற்றில் எதையும் எங்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. கொய்னாவும் அப்படித்தான். 1860களில் இந்த மலையில் சிங்கோனா மரம் நட்டு, நடுவட்டத்தில் தொழிற்சாலை வைத்து, மலேரியாவுக்குக் கொய்னா காய்ச்சி ஊர் ஊராக அனுப்பினார்கள், எத்தனையோ உயிரைக் காப்பாற்றிய மருந்து அது. அதே கொய்னா மயஸ்தீனியா உள்ளவருக்கு ஆகவே ஆகாது. டானிக் வாட்டர் என்று பாட்டிலில் விற்கிற பானத்திலும் அது உண்டு. மூட்டு வலிக்குக் கொடுக்கிற ஹைட்ராக்சி குளோரோகுயினிலும் கவனம் வேண்டும். இந்தப் பெயர்களை எல்லாம் ஒரு சின்ன அட்டையில் தமிழில் எழுதி லேமினேட் செய்து பர்சில் வைத்திருக்கிறேன், பக்கத்து மெடிக்கல் தம்பியிடமும் ஒன்று கொடுத்திருக்கிறேன். சுவரில் ஒட்டி வைத்திருக்கிறான்.

"படிப்படியாகக் கைவிட்டு" என்ற வரியைப் படித்ததும் எனக்கு வந்த கோபத்துக்குக் காரணம் இருக்கிறது. மருத்துவமனை வராந்தாவில் எங்களோடு உட்கார்ந்திருந்த ஒரு அண்ணன், பந்தலூர்ப் பக்கம் ஜீப் ஓட்டுகிறவர். ஏதோ ஒரு சிகிச்சை மையத்தில், உள்ளே தங்கிச் சிகிச்சை எடுக்கும்போது மற்ற மருந்து எதுவும் உடம்பில் இருக்கக் கூடாது என்று சொல்லி மாத்திரை எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்த வைத்திருக்கிறார்கள். ஸ்டீராய்டை நாள்பட எடுத்தவர் அப்படி நிறுத்தவே கூடாது, இந்த நோய் இல்லாதவர்களுக்கே அது உயிருக்கு ஆபத்து. முதலில் பேச்சு மூக்கால் வந்ததாம், அப்புறம் கஞ்சி இறங்கவில்லை, அப்புறம் மூச்சு. மலையிலிருந்து இறக்கிக் கொண்டுபோய் வென்டிலேட்டரில் வைத்துத்தான் காப்பாற்றினார்கள். அவருடைய சம்சாரம் இதைச் சொல்லும்போது அந்த மையத்தைத் திட்டக்கூட இல்லை. "பேப்பர்ல போட்டிருந்தாங்க, அதான் போனோம்" என்றார். உங்கள் பேப்பர் என்று அவர் சொல்லவில்லை, எந்தப் பேப்பர் என்று நானும் கேட்கவில்லை. ஆனால் பேப்பரில் வந்தால் அது உண்மை என்று நம்புகிற ஜனங்கள்தான் இந்த மலையில் இருக்கிறார்கள், அதை நீங்கள் மறந்துவிடக் கூடாது.

சட்டமும் இருக்கிறது. 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மந்திரத் தீர்வுகள் தொடர்பான ஆட்சேபகரமான விளம்பரங்கள் சட்டம், எந்தெந்த நோய்களைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்யக் கூடாது என்று ஒரு அட்டவணையே வைத்திருக்கிறது. பார்வை உறுப்புகளின் நோய்கள், மூளை சம்பந்தமான நோய்கள், பக்கவாதம் எல்லாம் அதில் உண்டு. நீங்கள் போட்டது கட்டுரை, விளம்பரம் அல்ல என்று சொல்லலாம். ஆனால் கட்டுரைக்குக் கீழே முன்பதிவுக்கு என்று ஒரு போன் நம்பர் இருந்ததே, அதற்கு என்ன பெயர்?

கூட இருந்து செய்கிற வைத்தியத்தைப் பற்றி நிறைய எழுதுங்கள் என்றுதான் நான் கேட்கிறேன். ஸ்டீராய்டு போட்டுக்கொண்டு வருஷக்கணக்கில் வாழ வேண்டிய ஒருவருக்குத் தூக்கமும் செரிமானமும் மனத்தெம்பும் எவ்வளவு பெரிய விஷயம் என்பது நரம்பியல் டாக்டரின் ஐந்து நிமிஷத்தில் வராது, என் வைத்தியர் அம்மாவோ அதற்கென்றே அரை மணி நேரம் கொடுத்தார். நம் அரசு மருத்துவமனைகளில் பல இடங்களில் ஒரே வளாகத்துக்குள் சித்தா பிரிவும் இருக்கிறது. கண் பிரிவில் எழுதிய சீட்டை சித்தா பிரிவில் பார்ப்பதும், அங்கே கொடுத்த சூரணத்தை இங்கே குறித்துக்கொள்வதும் பெரிய காரியமா? ஒரே நோட்டுப் போதும். நோயாளிகளும் ஒளிக்கக் கூடாது, டாக்டர் திட்டுவார் என்று கஷாயத்தை மறைக்கிறார்கள், வைத்தியர் கோபித்துக்கொள்வார் என்று மாத்திரையை மறைக்கிறார்கள், கடைசியில் இரண்டு பேருக்கும் பாதிதான் தெரியும்.

அடுத்த வாரமே ஒரு திருத்தம் போடுங்கள், உள் பக்கத்தில் ஓரமாக இல்லாமல் அதே மருத்துவப் பக்கத்தில், அதே அளவு எழுத்தில். மயஸ்தீனியா நோயாளிகள் நரம்பியல் மருத்துவரைக் கேட்காமல் எந்த மாத்திரையையும் நிறுத்தக் கூடாது, குறைக்கவும் கூடாது. விழுங்கவோ மூச்சு விடவோ சிரமம் வந்தால் எந்த வைத்தியசாலைக்கும் போகாமல் 108க்குப் போன் செய்ய வேண்டும். இந்த இரண்டு வாக்கியம் போதும்.

இன்னொன்றையும் உங்கள் நாளிதழ் வழியாக மாவட்ட நிர்வாகத்திடம் கேட்டுக்கொள்கிறேன். ஊட்டியில் 700 படுக்கையோடு புதிய அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை 2025இல் திறந்தது எங்களுக்கெல்லாம் சந்தோஷம். ஆனால் கூடலூரிலிருந்து ஊட்டியே ஐம்பது கிலோமீட்டர், பந்தலூர், சேரம்பாடிக்காரர்களுக்கு இன்னும் தூரம். மழைக்காலத்தில் நடுவட்டம் ரோட்டில் ஒரு மரம் விழுந்தால் அன்றைக்குப் பயணம் அவ்வளவுதான். கூடலூர் அரசு மருத்துவமனையில் மாதம் ஒரு நாளாவது நரம்பியல் டாக்டர் உட்கார ஏற்பாடு செய்யுங்கள், பைரிடோஸ்டிக்மின் மாத்திரையை அங்கேயே ஸ்டாக் வையுங்கள். தனியார் கடையில் சில சமயம் தீர்ந்துபோய், வர நாலு நாள் ஆகும் என்கிறார்கள். எங்களுக்கு அது நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை வேண்டிய மாத்திரை.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கூடலூர், நீலகிரி மாவட்டம்.